பெரியப்பாவைக் காணோம்

(கல்யாண வீடியோ ஸ்டூடியோ. காலை பத்தரை மணி. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்த எடிட்டர் தலையில் கை வைக்கிறான்.)

எடிட்டர்: அண்ணே, இந்த புராஜெக்ட்டில் 14 டைம்லைன் இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது.

ஓனர்: நான்தான் அழித்தேன் தம்பி. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நீதானே புலம்பினாய்? தாலி ஒரு தடவைதானே கட்டினார்கள், அதற்கு எதற்கு 14?

எடிட்டர்: அழித்ததில் எவ்வளவு இடம் கிடைத்தது?

ஓனர்: அதுதான் புரியவில்லை. ஒரு ஜிபிகூடக் கிடைக்கவில்லை.

எடிட்டர்: கிடைக்காது அண்ணே. டைம்லைன் மொய் நோட்டு மாதிரி. எந்தக் கிளிப்பில் எங்கிருந்து எதுவரை என்று எழுதி வைத்திருக்கும், அவ்வளவுதான். நோட்டை 14 ஜெராக்ஸ் எடுத்தால் மொய்ப்பணம் கூடுமா?

ஓனர்: கூடாது.

எடிட்டர்: நோட்டைக் கிழித்துப் போட்டால்?

ஓனர்: பணம் அப்படியேதான் இருக்கும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதுதான்... ஐயையோ! கன்ட்ரோல் இசட் போடு!

எடிட்டர்: நேற்றே மூடிவிட்டீர்களே. புராஜெக்ட் பேக்கப் இருக்குமே?

ஓனர்: அதை முந்தாநாளே அழித்துவிட்டேன். சரி, பதறாதே. ‘பைனல்’ என்று பேர் போட்டிருந்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எடிட்டர்: அதுதான் அண்ணே முதன்முதலில் போட்டது! அதைக் காப்பி எடுத்துத்தான் ‘பெண் வீடு ஓகே’, ‘மாப்பிள்ளை வீடு ஓகே’ எல்லாம் செய்தேன்.

ஓனர்: பேருக்குப் பின்னால் ஒரு தேதி போட்டால் விரல் தேய்ந்துவிடுமா? அது இருக்கட்டும், வீட்டுக்கு ஒன்று எதற்கு?

எடிட்டர்: பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா சாம்பார் வாளியைப் பிடுங்கினாரே, அதைத் தூக்கச் சொன்னார்கள் பெண் வீட்டார். அது இல்லாவிட்டால் பாக்கிப் பணம் கிடையாது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

ஓனர்: காப்பி எடுத்து, ஒன்றில் மட்டும் வெட்டிவிட்டாய். நல்ல வேலை.

எடிட்டர்: வெட்டினேன், இரண்டிலும் போய்விட்டார். பந்திக் கிளிப்புகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, காம்பவுண்ட் கிளிப் ஆக்கியிருந்தேன். டைம்லைனை எத்தனை காப்பி எடுத்தாலும் உள்ளே இருக்கிற காம்பவுண்ட் கிளிப் ஒன்றேதான். அதைத் திறந்து கை வைத்தால் எல்லாக் காப்பியிலும் மாறும். அப்புறம் ‘மாப்பிள்ளை வீடு’ டைம்லைனில் மட்டும் அதை டீகம்போஸ் செய்து, தனிக் கிளிப்புகளாகப் பிரித்து, அவரைத் திரும்பக் கொண்டுவர மூன்று ராத்திரி ஆனது.

ஓனர்: அப்படியானால் நான் வைத்திருக்கிற ‘பைனலில்’...

எடிட்டர்: வாளி இருக்கும். பெரியப்பா இருக்க மாட்டார்.

(போன் அடிக்கிறது.)

ஓனர்: மாப்பிள்ளை வீட்டு நம்பர்தான். (எடுத்து) வணக்கம் ஐயா! வீடியோ ரெடி, பணத்தோடு இப்போதே வரலாம். யார் பேசுவது என்று தெரியவில்லையே... மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் நீங்கள்?

(கேட்டுக்கொண்டே எடிட்டரின் நாற்காலியில் மெல்ல உட்காருகிறார்.)