மூன்று மில்லிமீட்டர் என்பது எத்தனை மில்லிமீட்டர்?

கடிகாரம் செய்வது கடினம் என்று எண்ணித்தான் தொடங்கினேன். ஆனால் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கி வந்த, நேரம் கணக்கிடும் டிஎஸ்3231 சில்லையும், அதை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகையையும், நான்கு இலக்கத் திரையையும் இணைத்து ஓடவைக்க ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அதற்கு ஒரு பெட்டி செய்ய ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன, இன்னும் பெட்டி வந்தபாடில்லை.

லேசர் கட்டிங் கடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை "3 எம்.எம். அக்ரிலிக்" என்றார்கள். நானும் அதை நம்பி, பலகைகள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதற்கான பள்ளங்களைச் சரியாக 3 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்து கொடுத்தேன். வெட்டி வந்த பலகைகள் கிலுகிலுப்பை போல ஆடின. நுணுக்கமாக அளக்கும் கருவியான காலிபரை வைத்து அளந்தால் ஷீட்டின் உண்மையான தடிமன் 2.7! போதாக்குறைக்கு, லேசர் கதிர் தான் போகும் வழியில் எரித்துத் தின்னும் 0.15 மில்லிமீட்டரால் பள்ளம் 3.15 ஆக அகன்றிருந்தது. ஆக, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி. கடைக்காரரிடம் கேட்டால், "ஃபைலில் இருக்கிறபடிதானே சார் வெட்டினோம்" என்கிறார். ஃபைலில் 3 இருந்தது உண்மைதான். ஷீட்டில் இல்லாமல் போனதற்கு யாரைக் கேட்பது?

சரி, தவறு என்னுடையது என்றே வைத்துக்கொண்டு, கதிர் தின்பதையும் கழித்து, பள்ளத்தை 2.6 என்று திருத்தி வரைந்து, "போன முறை போட்ட அதே ஷீட்டில்தான் வெட்ட வேண்டும்" என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அந்த ஷீட் தீர்ந்துவிட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொன்றில் வெட்டியிருக்கிறார்கள். அதன் தடிமன் 3.1. இம்முறை பலகை பள்ளத்துக்குள் நுழையவே இல்லை, சற்று அழுத்தியதும் முன்பக்கம் மூலையிலிருந்து மூலைவரை விரிசல் விட்டுவிட்டது. அதற்கும் முழுக் கூலி!

முதல் பெட்டியையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால், அக்ரிலிக் ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்டால்தான் கரைத்து ஒட்டும். இடைவெளியை அது நிரப்பாது. "சூப்பர் க்ளூ போடுங்கள் சார், கல்லுப்போல் நிற்கும்" என்று அதே கடையில் அறிவுரை கிடைத்தது. நின்றது. கூடவே, அதன் ஆவி படிந்து திரைக்கு முன்னால் இருந்த கண்ணாடி போன்ற பரப்பு முழுவதும் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மணி எட்டா மூன்றா என்று தெரியவில்லை.

என்னை எரிச்சலூட்டுவது பணம்கூட அல்ல. விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாத சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு ஷீட்டின் தடிமனை அளந்து சொல்ல, வாசலில் பெரிய எழுத்தில் "துல்லியம்" என்று பலகை மாட்டியிருக்கும் கடையில் ஒரு காலிபர் இல்லை. கேட்டேன். ஸ்கேலை எடுத்து நீட்டினார்கள்.

இப்போது அந்தக் கடிகாரம் மைசூர்பாகு வந்த அட்டைப்பெட்டிக்குள், பிளேடால் நானே அறுத்த ஓட்டை வழியாக மணி காட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஷீட்டை நானே வாங்கி, நான்கு மூலையிலும் அளந்து, அதைச் சுமந்துகொண்டுதான் அந்தக் கடைப் படி ஏறுவேன்.