புகை அடித்தால் மட்டும் டெங்கு போகாது

தம்பி, "திருகோணமலையில் சபைக்காரர் ஒழுங்காகப் புகை அடித்தால் போதும், வளவைத் துப்புரவாக்குவது எங்கள் வேலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே பிழை. புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பியையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது, ஒரு கிழமை, பத்து நாளில் அவையே புது நுளம்பாகக் கிளம்பிவிடும். டெங்கு நுளம்புக்குப் பிடித்தது வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீர்: எறிந்த தயிர்ச்சட்டி, இலை அடைத்த கூரைப் பீலி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு (அதை யார்தான் பார்க்கிறார்கள்!). முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் காணாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

அப்புறம், யார் வேலை என்பது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுக்குள் நுளம்பு பெருகாமல் பார்க்கும் பொறுப்பை உரிமையாளர், குடியிருப்பவர் தலையில்தான் வைத்திருக்கிறது. சபை குப்பை எடுக்காவிட்டால் தாராளமாகக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது, பக்கத்துக் கிண்ணியா பட்ட பாடு தெரியும்தானே? மாரி தொடங்க முதல் ஒருக்கா ஏறிப் பீலியைப் பாருங்கள்.