மூன்று போன்

ஆப்கான் அகதிக் குடும்பம் ஒன்று தானே எடுத்த 'மிட்நைட் டிராவலர்' ஆவணப்படத்தின் சனிக்கிழமை திரையிடலுக்கு வந்தவர்களுக்கு, படம் முடிந்து நடந்த கலந்துரையாடலில் என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள், நான் கத்தினேன் என்று. கத்தவில்லை. கையில் மைக் இருந்தது, அதனால் சத்தமாகக் கேட்டது. கலந்துரையாடலின் பாதியில் எழுந்து போனது மட்டும் உண்மை.

"அகதின்னு சொல்றாங்க, கையில மூணு போன் வச்சிருக்காங்களே?" என்று ஒரு ஐயா கேட்டார். கேட்டவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. வயதானவர், படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர். அரங்கம் சிரித்ததே, அதுதான். உலக சினிமா பார்க்கிற, இரானிய இயக்குநர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்கிற அரங்கம்.

'மிட்நைட் டிராவலர்' படமே அந்த மூன்று போனில் எடுத்ததுதான். ஹசன் ஃபசிலி சினிமா இயக்குநர். மனைவி ஃபாத்திமா ஹுசைனியும் படம் எடுப்பவர். காபூலில் இருவரும் ஒரு கஃபே நடத்தினார்கள். தாலிபான்கள் ஹசனின் தலைக்கு விலை வைத்ததும் இரண்டு பெண் குழந்தைகளோடு கிளம்பினார்கள். கேமரா எடுத்துப் போக வழியில்லை, போன் இருந்தது, அதில் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் அந்தப் போன்கள் காட்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் 'போன் எதற்கு உனக்கு' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

'முறைப்படி விண்ணப்பித்துப் போகவேண்டியதுதானே' என்றும் ஒருவர் சொன்னார். போனார்களே! முதலில் தஜிகிஸ்தான் போய், நாடு நாடாக விண்ணப்பம் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, எல்லாம் நிராகரிக்கப்பட்டு, திரும்ப ஆப்கானிஸ்தானுக்கே வந்து நின்றார்கள். அதற்கு அப்புறம்தான் இரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா என்று, ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கூட்டிப்போகும் கடத்தல்காரர்களை நம்பிப் போனது. படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது இது. அந்த நேரத்தில் நீங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம்.

போன் என்ன செய்யும் என்று உண்மையாகவே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காட்டுக்குள் வழி காட்டும். எல்லை தாண்டியதும் கடத்தல்காரர் எந்த இடத்தில் நிற்பார் என்று அதில்தான் தெரியும். ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் ஹவாலா பணம் யாரிடம் வந்திருக்கிறது என்ற தகவல் அதில்தான் வரும். கல்யாணப் பத்திரம், பட்டம், பிறப்புச் சான்று எல்லாம் தண்ணீரில் நனைந்தோ பையோடு தொலைந்தோ போனபிறகு, போட்டோவாக மிஞ்சுவது அதில்தான். அகதிக்கு முதலில் வேண்டியது சோறு என்றால் இரண்டாவது போன். சில நாள் வரிசை மாறும்.

'ஆப்கான்காரர்' என்றதும் நம் மனசில் வருவது என்ன? புழுதி, துப்பாக்கி, நீலப் புர்கா. 2001-இல் தாலிபான் ஆட்சி போனபிறகு காபூலில் தெருவுக்குத் தெரு செல்போன் கடை வந்தது, கண்ணாடி மாளிகை மாதிரி கல்யாண மண்டபங்கள் வந்தன, பெண்கள் டிவியில் செய்தி வாசித்தார்கள். நம்மைப் போலவே மாதத் தவணையும் மாமியார் சண்டையுமாக இருந்த ஜனங்கள். அவர்கள் கிழிந்த துணியோடு வந்து நின்றால்தான் நம்புவோம் என்றால் நாம் கேட்பது உண்மையை இல்லை, வேஷத்தை.

'படத்தில் போரே இல்லையே, ரொம்ப இழுவை' என்றார் முன்வரிசைத் தம்பி. அந்த மூத்த பெண் முகாமில் 'போரடிக்கிறது' என்று சொல்லி அழுகிறாளே, அது என்னவாம்? குண்டு விழுவதைச் செய்தியில் தினம் பார்க்கலாம். ஒரு குழந்தை பள்ளிக்கூடமும் தோழிகளும் இல்லாமல், அடுத்து எந்த ஊர் என்றும் தெரியாமல், சலித்துப்போய் அழுவதை எந்தச் சேனல் காட்டும்? அதே பெண்தான் மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கு அப்படி ஆடுகிறாள். அதற்கும் ஒருவர் 'ஜாலியாத்தான் இருக்காங்க' என்று முனகியது எனக்குக் கேட்டது. அழுதால் இழுவை, ஆடினால் ஜாலி. என்னதான் செய்யவேண்டும் அந்தக் குழந்தை?

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்தபோது பிறந்தவருக்கு இன்று 45 வயது தாண்டிவிட்டது. பாகிஸ்தானில் பெஷாவர் பக்கம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம்தான் பாகிஸ்தான் 2023-இல், நவம்பர் 1-க்குள் ஆவணம் இல்லாதவர்கள் வெளியேறிவிட வேண்டும் என்றது. பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' டோர்கம் எல்லை வாசல் வழியாக லாரியில் கட்டிலும் கோழிக்கூண்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டில் வைத்திருந்ததால் அவர்களும் அகதி இல்லை என்பார்களோ என்னவோ.

பெற்ற பிள்ளைகளின் கஷ்டத்தைப் படமாக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டார். அன்று வந்ததில் நியாயமான கேள்வி இது ஒன்றுதான். அதை ஃபசிலியே கேட்டுக்கொள்கிறார். செர்பியாவில் சின்னவளைக் காணோம் என்று தேடும்போது, இது படத்துக்கு நல்ல காட்சியாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியதையும், அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வந்த வெறுப்பையும் அவர் குரலிலேயே சொல்கிறார். அந்தத் தேடலை அவர் படம் எடுக்கவில்லை. இது போதுமான பதிலா? தெரியவில்லை. அதைப் பற்றிப் பேசியிருக்கலாம் அன்றைக்கு. போனைப் பற்றிப் பேசினோம்.

அப்புறம் நான் எதிர்பார்த்த கேள்வி: 'மண்டபம் முகாமில் நம் ஆட்கள் இருக்கும்போது ஆப்கானுக்கு ஏன் அழுகிறாய்?' கேட்டவர் கடைசியாக எப்போது மண்டபம் போனார்? (நானும் போனதில்லை, சரி.) 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஆப்கானிஸ்தானின் பெயர் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வரும், சிறுபான்மை இனமான ஹசாரா முஸ்லிமுக்கு இடமில்லை. ஈழத்திலிருந்து வந்த இந்துவுக்கும் இடமில்லை. ஒரே வாசலில் வெளியே நிறுத்தப்பட்ட இரண்டு பேரில் ஒருவருக்காக அழுதால் இன்னொருவருக்குக் குறைந்துவிடுமா?

கோபத்தில் எங்கேயோ போகிறேன். சொல்லவந்தது வேறு.

2013-இல் வேலைக்காக தில்லியில் இருந்தேன், லாஜ்பத் நகரில். அங்கே ஆப்கான் ரொட்டிக் கடைகள் உண்டு. தந்தூரிலிருந்து எடுக்கும் கை நீளத்து நான் ரொட்டி, ஒன்று வாங்கினால் எனக்கு இரண்டு வேளைக்கு வரும். கடையில் தினமும் ஒருவரைப் பார்ப்பேன். காபூலில் மருந்துக்கடை வைத்திருந்தவர். சிகிச்சைக்கு வரும் ஆப்கான் நோயாளிகளோடு மருத்துவமனைகளுக்குப் போய் மொழிபெயர்ப்பது அவர் வேலை. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ. ரொட்டி வெந்து வரும் நேரம் பார்த்து அவர் அம்மா போன் செய்வார். அவர் போனைத் தந்தூர் பக்கம் திருப்பிக் காட்டுவார், அம்மா ஏதோ குறை சொல்வார், கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

மூன்று மாதப் பழக்கத்தில் ஒருநாள், நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு, என் அரைகுறை இந்தியில் அவரிடம் சொன்னேன்: "பார்த்தால் அகதி மாதிரியே தெரியவில்லை நீங்கள்."

அவர் கோபப்படவில்லை. "எப்படி இருக்கணும் பாய்? சொல்லுங்க, நாளைக்கு அப்படியே வர்றேன்" என்றார்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொட்டிக் காசைக்கூட அன்று அவரே கொடுத்துவிட்டார், நான் வேண்டாமென்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

அடுத்த மாதத் திரையிடலுக்கு வருவேன். மைக்கை மட்டும் என்னிடம் கொடுக்காதீர்கள்.