மஞ்சள் கறை பட்டால் படட்டுமே!

போன வாரம், நான் சேகரிக்கும் பழைய ஏப்ரன்களில் (சமைக்கும்போது உடுப்புக்கு மேலே கட்டும் துணி) ஒன்றைக் கட்டிக்கொண்டு சாம்பார் வைக்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், உள்பெட்டியில் ஒரே பஞ்சாயத்து. "எண்பது வயசுத் துணிங்க, அதுல போய் மஞ்சத்தூளா?" என்கிறார் ஒருவர். தோழி ஒருத்தியோ, "அடுப்படியை விட்டு வெளிய வரத்தானேடி இவ்வளவு பாடு? நீ காசு குடுத்து அதையே வாங்குறியே" என்கிறாள்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓஹையோவில். இங்கே வீட்டுப் பெரியவர்கள் காலமானாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, மிச்சமுள்ள சாமான்களை 'எஸ்டேட் சேல்' போட்டு விற்றுவிடுவார்கள். கூட்டமெல்லாம் நகை, மேஜை, பீங்கான் பக்கம்தான். சமையலறை இழுப்பறையின் அடியில் மடித்துக் கிடக்கும் ஏப்ரன்களை அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. அப்படிச் சேர்ந்ததுதான் என்னிடம் 40 உருப்படி. வீட்டில் தைத்ததை மட்டும்தான் வாங்குவேன். பார்த்தாலே தெரியும்: பிராண்ட் பட்டி இருக்காது, ஒரு பாக்கெட் அரை அங்குலம் மேலே ஏறியிருக்கும், பாதியில் நூல் தீர்ந்து வேறு நிறத்தில் தொடர்ந்திருக்கும்.

அதில் என் செல்லம் நீலப் பூப்போட்ட ஒன்று. ஓரத்தில் சிவப்பு ரிக்ரேக் நாடா பாம்பு மாதிரி வளைந்து ஓடும். இடுப்புப் பட்டியை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சி அரித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது மூட்டைத் தையலின் தடம். அரிசி மூட்டையில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வருமே, அதே சங்கிலித் தையல். இந்தத் துணி ஒரு காலத்தில் தீவன மூட்டை!

1930களில், பொருளாதார மந்தத்தில் நாடே கிடந்தபோது, இங்கே கிராமப்புறப் பெண்கள் மாவு மூட்டையையும் கோழித் தீவன மூட்டையையும் பிரித்து உடுப்பு தைத்தார்கள். 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே துணி தேறும். ஒரு ஏப்ரனுக்கு அது போதும், கவுனுக்கு மூன்று மூட்டையாவது வேண்டும். உருவிய நூலையும் வீசாமல் பின்னலுக்கு எடுத்து வைத்தார்கள். மில்காரர்கள் இதைக் கவனித்து, பூவும் கட்டமும் அச்சிட்ட மூட்டைகளை இறக்கினார்கள். கம்பெனிப் பெயரைக்கூட நனைத்தால் போகும் மையில் அச்சடித்தார்கள். தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் துண்டுத் துணியைக் கொடுத்து, "இதே பூ பார்த்து எடுத்துட்டு வா" என்று அனுப்பிய காலம் அது. அடுக்கின் அடியில் கிடக்கும் மூட்டைதான் வேண்டும் என்று கணவர்கள் நின்றால், கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். பிறகு காகிதமும் பிளாஸ்டிக்கும் வந்து துணி மூட்டையையே காணாமல் ஆக்கிவிட்டன.

தோழிக்கு இதைத்தான் சொல்வேன்: அந்தப் பெண்களுக்கு அடுப்படி விதிக்கப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பூ, எந்த நாடா, பாக்கெட் எங்கே என்பதை அவர்களேதான் முடிவுசெய்தார்கள். என் கைக்கு வந்திருப்பது அந்த முடிவு.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு சமைக்கிறேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். 1950களின் ஆர்கன்சாத் துணி ஏப்ரன் மூன்று இருக்கின்றன, கண்ணாடி மாதிரி மெல்லிசு. விருந்தாளிக்குத் தட்டு நீட்டுகிறபோது கட்டும் அலங்காரம் அது. கடுகு தெறித்தாலே கதை முடிந்தது. அவை பெட்டியில்தான்.

மற்றபடி, உழைக்கத் தைத்த துணியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விலை குறையுமாம். குறையட்டும், நான் விற்கவா போகிறேன்? நீல ஏப்ரனில் நான் கட்டும்போதே ஒரு காபிக் கறை இருந்தது. யார் குடித்த காபியோ! அதற்குப் பக்கத்தில் இப்போது என் சாம்பார் மஞ்சள். சோப்பில் அலசி, பின்கட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன். ரெண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் மஞ்சள் வெளுத்துவிடும். காபிதான் அசைய மாட்டேன் என்கிறது.