அடியில் சொட்டவில்லை என்றால் கூலண்ட் கசிவே இல்லையா?

“பழைய கார் வாங்குகிறீர்களா? அடியில் ஈரம் இருந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு, வாங்காதீர்கள். ஈரம் இல்லையென்றால் தைரியமாக வாங்கலாம்.” தஞ்சாவூர், கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டு பாதியுமே தவறு.

ஏசி ஓடிய வண்டியின் கீழே நிறமற்ற நீர் சொட்டுவது இயல்பு. டெல்டாப் புழுக்கத்தில் கொஞ்சம் தாராளமாகவே சொட்டும். கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என நிறத்தோடு இருக்கும், விரலில் வழவழக்கும். ஆனால் இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் பழுதானால் கூலண்ட் இன்ஜினுக்குள்ளேயே போய்விடலாம். தரையில் ஒரு சொட்டும் விழாது. வண்டி சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தால், ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் தொட்டியின் அளவைப் பாருங்கள். ஓட்டி, ஆறவிட்டு, அளவு குறைந்திருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தொட்டியில் துருநிறத் தண்ணீரா? குறைந்ததை யாரோ போர் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருக்கலாம். நாகப்பட்டினக் கரையோரத்து உப்புநீர் என்றால் ரேடியேட்டரின் பாடு சொல்லவே வேண்டாம்.

உறுதி வேண்டுமானால் மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கூலண்ட் ஓடும் பாதையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். கூலண்டின் வகையும் சரியான அளவும் வண்டியோடு தரும் கையேட்டிலேயே இருக்கின்றன. அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.