குவாரண்டைன் வேற, ஐசோலேஷன் வேற

2020 ஆகஸ்ட்ல எங்க தெருவுல ஒருத்தருக்கு கொரோனா பாசிட்டிவ் வந்துச்சு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்கப்பா அவரோட திண்ணையில ஒக்காந்து பேசிட்டிருந்தாருன்னு எங்க வீட்டுக் கதவுலயும் "தனிமைப்படுத்தப்பட்ட வீடு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. அப்பாவுக்கு காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, டெஸ்ட்டும் நெகட்டிவ். ஆனா அன்னைக்கு சாயங்காலமே "அவருக்கும் வந்துருச்சாம்"னு ஊரெல்லாம் பேச்சு, பால்காரர் பாலை காம்பவுண்ட் சுவர் மேல வச்சிட்டு திரும்பிப் பாக்காமப் போறாரு.

எனக்கு அந்த ஸ்டிக்கர்ல இருந்த வார்த்தை மேலதான் கோவம். இங்கிலீஷ்ல இதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. நோய் வந்தவங்கள மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு வைக்கிறது ஐசோலேஷன். நோய் வந்தவங்க பக்கத்துல இருந்துட்டு, இன்னும் நல்லாவே இருக்கறவங்கள, வருதா வரலையான்னு தெரியுற வரைக்கும் நிறுத்தி வைக்கிறது குவாரண்டைன். நாம ரெண்டையும் தூக்கி தனிமைப்படுத்தல்னு ஒரே வார்த்தையில போட்டுட்டோம்.

குவாரண்டைன்ங்கறதே இத்தாலிக்காரங்க பக்கம் 40ங்கற நம்பர்ல இருந்து வந்தது. பிளேக் காலத்துல, 1377ல, இப்ப துப்ரோவ்னிக்னு சொல்ற ரகூசா ஊர்ல, பிளேக் இருக்குற எடத்துல இருந்து வர்றவங்க 30 நாள் வெளியவே இருந்துட்டுத்தான் உள்ள வரணும்னு சட்டம் போட்டாங்க, அந்த 30 பின்னாடி 40 ஆச்சு. அதுல நிறுத்தி வச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு நல்லா இருந்தவங்கதான? 1969ல நிலாவுக்குப் போயிட்டு வந்த மூணு பேரையும் 21 நாள் அடைச்சுத்தான் வச்சாங்க, அவங்க யாரும் நோயாளி இல்லையே. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம மண்டபம் கேம்ப் இருக்கே, சிலோன் தோட்டத்துக்குப் போன நம்ம சனங்கள காலரா கீலரா இருக்கான்னு பாக்க நாள்கணக்குல நிறுத்தி வச்ச எடம்தான் அது.

நம்ம ஊருக்கு ஐசோலேஷன் நல்லாவே தெரியும். அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகுவோம், பாத்தவுடனே உள்ள அம்மை இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டு யாரும் படியேற மாட்டாங்க. அந்தப் பழக்கத்துலதான் எங்க வீட்டு ஸ்டிக்கரையும் படிச்சிருக்காங்க, சனங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், எழுதிக் குடுத்த வார்த்தை அப்படி. அந்த வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பேரிடர் சட்டப்படி அதிகாரி உத்தரவு போட்டாலொழிய கொரோனா நோயாளிங்க வீட்டு வாசல்ல போஸ்டர் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிச்சு. நோயாளி வீட்டுக்கே அப்படின்னா நோயே வராத வீட்டுக்கு என்ன சொல்றது.

"காத்திருப்புக் காவல்"னு எழுதியிருக்கலாம், இல்ல "இந்த வீட்ல யாருக்கும் நோய் இல்ல, 14 நாள் பொறுத்துப் பாக்குறோம்"னு நீட்டியே எழுதியிருக்கலாம், ஒரு ஸ்டிக்கர்ல அந்த எடம் இல்லாமலா போச்சு.

அப்பா இன்னைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா, "எனக்கு வரவே இல்லடா"ன்னுதான் ஆரம்பிப்பாரு.