வேகத்தைக் குறைத்துப் பார்த்தவருக்கு ஒரு பதில்

சென்ற வாரம் நம் எல்லோருடைய பக்கங்களிலும் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காணொளியை மீண்டும் இங்கே பகிர எனக்கு விருப்பமில்லை. அர்ஜென்டினாவின் ரெனே லவாந் ஒற்றைக் கையால் சீட்டு வித்தை செய்யும் பழைய பதிவை எடுத்து, அதன் வேகத்தைக் குறைத்து, விரல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ‘இவ்வளவுதான் இந்தக் கிழவர்’ என்று தலைப்பிட்டு உலவவிட்ட அந்த நண்பரின் கண்கூர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு வித்தையின் சூட்சுமத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரு கலைஞரைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

லவாந் 1928இல் புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர். ஒன்பது வயதில் கார் ஒன்று மோதி வலது கையை இழந்தார். வலக்கைப் பழக்கமுள்ள சிறுவன் அதற்குப் பிறகு இடக்கையால் எழுதவும் உண்ணவும் பழகியதே பெரிய காரியம். அவரோ சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். சீட்டு வித்தையைக் கற்றுத்தரும் நூல்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை இரண்டு கைகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையிலேயே எழுதப்பட்டவை. ஒரு கை கட்டைப் பிடித்திருக்க மறு கை சீட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பாடம் அவருக்கு எதற்கு உதவும்? கட்டைக் குலுக்குவதையும் பிரிப்பதையும் பங்கிடுவதையும் ஐந்து விரல்களுக்குள்ளேயே அவர் தமக்காக உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்டில் நகரில் வங்கி ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வித்தையே அவருடைய தொழிலாயிற்று. இந்த ஆண்டுகளில் எதையாவது அந்தச் சிவப்பு வட்டம் காட்டுகிறதா?

வேடிக்கை இதுதான்: வேகத்தைக் குறைத்துக் காட்டியதை ஒரு சாதனையாகப் பீற்றிக்கொள்ளும் நண்பருக்கு, லவாந் தம் வாழ்நாள் முழுவதும் செய்ததே வேகத்தைக் குறைப்பதுதான் என்பது தெரியவில்லை. மூன்று சிவப்புச் சீட்டுகளையும் மூன்று கறுப்புச் சீட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்குவார். திறந்தால் சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்பார். பிறகு, ஒருவேளை முடியுமோ என்று சொல்லி இன்னும் மெதுவாகச் செய்வார். கை வேகத்தால் கண்ணை ஏமாற்றுவதாக நாம் நம்பிக்கொண்டிருந்த கலையில், வேகமே வேண்டாம் என்று துணிந்தவர் அவர். அப்படிப்பட்டவரின் காணொளியைப் பாதி வேகத்தில் ஓட்டிவிட்டுக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகச் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேசைக்கு எதிரே இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யும் வித்தை இது. மேடை வித்தைக்காரருக்கு விளக்கும் திரையும் பெட்டியும் உதவியாளர்களும் உண்டு. இப்படிப் பக்கத்திலிருந்து செய்யும் க்ளோஸ்-அப் வித்தைக்காரருக்கு விரல்களும் பேச்சும் மட்டுமே உண்டு. லவாந் ஒரு காபிக் கோப்பையையும் மூன்று ரொட்டித் துணுக்குகளையும் வைத்துக்கொண்டு, தூக்கியெறிந்த துணுக்கு திரும்பத் திரும்பக் கோப்பைக்கே வருவதைக் காட்டுவார். கூடவே கதையும் கவிதையும் சொல்வார். நண்பர் தம் காணொளியில் அந்தக் குரலை நீக்கிவிட்டுச் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார். அவர் அம்பலப்படுத்தியது எதை என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

‘பகுத்தறிவு பேசிய மண்ணில் ஏமாற்று வேலையை அம்பலப்படுத்துவது தவறா?’ என்று கேட்பார்கள் என்பது தெரியும். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த், அற்புதம் என்று சொல்லி விபூதி வரவழைத்தவர்களின் தந்திரங்களைத் தாமே செய்துகாட்டி மக்களுக்கு விளக்கினார். அது தேவையான பணி, இன்றும் தேவை. ஆனால் அவர் தோலுரித்தது தெய்வ சக்தி உண்டு என்று சொல்லிக்கொண்டவர்களை. எனக்கு எந்தச் சக்தியும் இல்லை, இது வித்தை என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்பவரிடம் தோலுரிக்க என்ன இருக்கிறது? ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன போலி ஊடகர்களை விரட்டி விரட்டி அம்பலப்படுத்திய ஹௌடினியே கடைசிவரை வித்தைக்காரராகத்தான் இருந்தார். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டிய அவர், 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இளைஞர், ஹௌடினியின் கையெழுத்துள்ள சீட்டை மேலிருந்து இரண்டாவதாகச் செருகித் திரும்பத் திரும்ப மேலே வரவழைத்தபோது விழித்துக்கொண்டு நின்றார். அத்தனை வித்தைகளும் தெரிந்தவருக்கே அந்த நிலை என்றால், நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘தகவல் எல்லோருக்கும் பொது’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை.

‘ஒரு கை இல்லாதவர் என்பதால் பரிதாபப்படுகிறீர்கள்’ என்று பின்னூட்டத்தில் எழுதியவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். பரிதாபத்துக்காகவா உலகெங்கும் வித்தைக்காரர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளத் தண்டிலுக்குப் போனார்கள்? பரிதாபப்பட்டு யாரும் ஒருவரின் விரல்களை அத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் சித்தப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். கல்யாண வீடுகளில் இரவுப் பந்தி முடிந்ததும் குழந்தைகளை உட்காரவைத்து, ஒரு நாலணாவைக் கைக்குட்டைக்குள் தொலைத்துவிட்டு எங்களில் ஒருவர் காதிலிருந்து எடுத்துத் தருவார். ஒருமுறை உறவினர் ஒருவர், பெரிய மனிதர், பின்னாலிருந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் உதறினார். நாலணா கீழே விழுந்தது. கூடம் சிரித்தது, சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை கெஞ்சியும், ‘அதெல்லாம் மறந்துபோச்சுடா’ என்றே சொல்லிவிட்டார். அந்த உறவினருக்கு அன்று என்ன அறிவு கிடைத்தது என்பதை நான் இன்றும் யோசிக்கிறேன். அவர் அந்த நாணயத்தைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

லவாந் 2015இல் காலமாகிவிட்டார்; எந்தச் சிவப்பு வட்டமும் இனி அவரைத் தொடாது. ஆனால் இன்றும் வரவேற்பு நிகழ்ச்சிகளில் மேசை மேசையாகப் போய்ச் சீட்டைக் காட்டிப் பிழைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்தக் காணொளியைப் பார்த்துத் தேறிய மேதைகள் அவர்களுடைய மணிக்கட்டைத்தான் அடுத்துப் பிடிக்கப்போகிறார்கள். விவாதிக்க வருபவர்கள் முதலில் அசல் பதிவை அதன் சொந்த வேகத்தில், அவருடைய குரலோடு, ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு வரவும். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பதிவில் நான் பதில் எழுதப்போவதில்லை.